வாரமா, வரியா?

எங்கள் வீட்டு அட்டத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அப்பா கர்ணமாக, அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை அரசு ஒழித்தபோது, ஊர்க் கணக்கு நோட்டுகளை எல்லாம் தாலுகா ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். சொந்த நிலத்தின் கிஸ்தி ரசீதுகள் மட்டும்தான் மிச்சம். போன வருஷம் வெள்ளையடிக்க அட்டத்தைக் காலி செய்தபோது அந்தப் பெட்டியைத் திறந்தேன். மேலாக இருந்தது பசலி 1374க்கான ரசீது. பசலிக் கணக்கு தெரியாதவர்களுக்கு: 590ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், 1964 ஜூலையில் தொடங்கிய வருவாய் ஆண்டு.

தீர்வை, அதாவது அரசுக்குக் கட்டும் நிலவரி, 8 ரூபாய். அதற்கு அடுத்த வரியில் தலவரி, 3 ரூபாய் 60 காசு. காகிதம் மடிப்பில் கிழிந்திருந்தாலும் அப்பாவின் கையெழுத்து அப்படியே இருந்தது.

சின்ன வயதில் தலவரி என்றால் ஆள் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது என நினைத்திருந்தேன். வீட்டில் எட்டுத் தலை இருந்ததால் தலைக்கு 45 காசு என்று கணக்கும் சரியாகவே பொருந்தியது. அப்பா சிரித்துவிட்டுத் திருத்தினார். "தலை இல்லடா, தலம். ஸ்தலம். இந்த ஊருக்குன்னு வாங்கற வரி. ரோடு போட, பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாத்த."

1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம், 115ஆம் பிரிவு. அரசுக்குக் கட்டும் நிலவரி ரூபாய் ஒன்றுக்கு 45 நயா பைசா தலவரி. எட்டு ரூபாய்க்கு 3.60. இந்த 45 பைசாதான் பிறகு உச்ச நீதிமன்றம் வரை போய், ஏழு நீதிபதிகளை உட்கார வைத்து, அப்புறம் ஐந்து பேரை, கடைசியில் ஒன்பது பேரையே உட்கார வைத்தது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. நான் வக்கீல் இல்லை. ஒரு ஆடிட்டர் ஆபீசில் முப்பது வருஷம் கணக்கு எழுதிய ஆள். எங்கள் வாடிக்கையாளர்களில் இரண்டு கல்குவாரிக்காரர்கள் இருந்ததால் இந்த வழக்கின் வால் அவ்வப்போது என் மேசைக்கும் வந்தது.

கதை எங்கள் பக்கத்து ஊரில்தான் தொடங்குகிறது. சங்ககிரி தாலுகா சின்னாகவுண்டனூரில் சுண்ணாம்புக்கல் தோண்ட இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனிக்கு 1963இல் தமிழக அரசு 20 வருஷக் குத்தகை கொடுத்தது. மொத்தம் 133.91 ஏக்கர். அதில் 126.14 ஏக்கர் அரசு நிலம், பட்டா நிலம் வெறும் 7.77 ஏக்கர்தான். குத்தகைக்காரர் தோண்டியெடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ராயல்டி கட்ட வேண்டும். தோண்டாமல் சும்மா வைத்திருந்தாலும் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. அதற்கு டெட் ரென்ட் என்று பெயர். மேல்நிலத்தைப் பயன்படுத்துவதற்குத் தனி வாடகை. இதெல்லாம் அரசுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம், அதில் யாருக்கும் சச்சரவில்லை.

சச்சரவு 1964இல் வந்தது. பஞ்சாயத்துச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து 115ஆம் பிரிவின் அடியில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தார்கள். 'நிலவரி' என்ற சொல்லுக்குள் ராயல்டி, குத்தகைத் தொகை எல்லாம் அடங்கும் என்றது அந்த விளக்கம். அப்பாவுக்கு எட்டு ரூபாய்க்கு 45 பைசா வீதம் போட்ட அதே பிரிவு, சிமெண்டுக் கம்பெனிக்கு அது கட்டிய ராயல்டி முழுவதற்கும் ரூபாய்க்கு 45 பைசா போட்டது. ஏறக்குறைய அதே பசலி 1374 காலம்தான். அப்பா இதைப் பற்றிக் கேள்விப்பட்டாரா என்று தெரியாது. பட்டிருந்தால் அவருடைய களத்துக் கணக்கை வைத்து ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

அந்தக் களத்துக் கணக்கு இதுதான். நிலத்தை வாரத்துக்கு விட்டவன் அறுவடையன்று களத்துக்கு வருவான். நெல்லை அளந்து தன் பங்கை எடுத்துப் போவான். விளையாவிட்டால் அளக்க ஒன்றுமில்லை, வாரமும் இல்லை. கிஸ்தி அப்படியில்லை. களம் காலியாகக் கிடந்தாலும் தலையாரி வாசலுக்கு வந்து நிற்பான். "அளந்தா வாரம், அளக்காம கேட்டா கிஸ்தி" என்பார் அப்பா. கர்ணம் வேலையில் பாதி நாள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறவர்களைப் பிரித்துவிடுவதிலேயே போயிற்று என்பார்.

அதன்படி பார்த்தால் ராயல்டி சந்தேகமில்லாமல் வாரம். எடுத்த டன்னுக்குத்தான் காசு. நிலத்துக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் அரசு வாங்கும் பங்கு. அந்த ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே ராஜா உட்கார்ந்திருக்கிறார். நம்மிடம் மேல்வாரம் என்ற சொல் இருந்தது, விளைச்சலில் அரசுக்கோ ஜமீனுக்கோ போகும் பங்கு. அது வாடகையா வரியா என்று வெள்ளைக்காரத் துரைகள் நூறு வருஷம் அடித்துக்கொண்டார்கள். அந்தப் பழைய சண்டைதான் சின்னாகவுண்டனூரில் சுண்ணாம்புக்கல் மேல் ஏறி உட்கார்ந்தது.

கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது. தனி நீதிபதியிடம் தோற்றது, மேல்முறையீட்டு அமர்விலும் தோற்றது. அதற்குக் காரணமாக ஒரு முன்வழக்கு இருந்தது. சித்தூர் மாவட்டத்தில் இரும்புத்தாதுக் குத்தகைக்காரர் ஒருவர் மேல் 1920ஆம் வருஷத்து ஜில்லா போர்டு சட்டப்படி நிலவரிச் செஸ், அதாவது கூடுதல் வரி, போட்டிருந்தார்கள். ராயல்டியை அளவுகோலாக வைத்து நிலத்தின் மேல் வரி போடலாம், தப்பில்லை என்று 1964இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பிறகென்ன, கீழே யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

கம்பெனி உச்ச நீதிமன்றம் வந்து, வழக்கு பெரிய அமர்வுக்குப் போய், தீர்ப்பு வந்தபோது 1989 அக்டோபர் 25 ஆகிவிட்டது. குத்தகையின் 20 வருஷம் முடிந்தே ஆறு வருஷம். தலைமை நீதிபதி வெங்கடராமையா உள்ளிட்ட ஏழு பேர், தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சப்யசாச்சி முகர்ஜி. தலவரி நிலத்தின் மேல் போட்ட வரி ஆகாது, ராயல்டியின் மேல் போட்ட வரி. ராயல்டி, எடுத்த கனிமத்தைப் பொறுத்தது, நிலத்தோடு அதற்கு நேர்ச் சம்பந்தமில்லை. கனிமங்களை நாடாளுமன்றம் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தன் கைக்குள் எடுத்துக்கொண்டுவிட்டதால் மாநிலத்துக்கு இந்த அதிகாரம் கிடையாது. சித்தூர் வழக்கின் தீர்ப்பு தவறு. ஆக 115ஆம் பிரிவின் அந்த விளக்கம் செல்லாது.

ஆனால் ஒரு சலுகை. இதுவரை வசூலித்ததை அரசு திருப்பித்தர வேண்டியதில்லை, இனிமேல் வசூலிக்கக் கூடாது, அவ்வளவுதான். பஞ்சாயத்துகள் அந்தப் பணத்தை ஏற்கெனவே ரோட்டிலும் கட்டடத்திலும் போட்டிருக்குமே, திருப்பிக் கேட்டால் எங்கே போவது? எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தீர்ப்பில் ஒரு வாக்கியம் இருந்தது. 34ஆம் பத்தி என்று நினைவு. ராயல்டி ஒரு வரி, ஆகவே ராயல்டியின் மேல் போடும் செஸ் மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம். வாரத்தை வரி ஆக்கிய வாக்கியம்.

இதன் விளைவு உடனே தெரிந்தது. ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம் எல்லாம் இதே மாதிரி செஸ் போட்டிருந்த மாநிலங்கள். 1991 ஏப்ரல் 4இல் உச்ச நீதிமன்றம் அவற்றையும் சாய்த்தது. மாநிலங்கள் தலையில் கை வைக்கவே, அந்தத் தேதி வரை வசூலித்தது செல்லும் என்று 1992இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுக் காப்பாற்றியது. அந்தச் சட்டமும் சவாலுக்கு உள்ளாகி, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே 1996இல் செல்லும் என்று முடிந்தது.

அப்புறம் 2004 ஜனவரி 15. மேற்கு வங்க அரசு நிலக்கரி நிலங்கள் மேல் போட்ட செஸ் பற்றிய கேசோராம் வழக்கு. இது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். நீதிபதி லகோத்தி அந்த 34ஆம் பத்தியைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் இருக்கும் பத்திகளோடு வைத்துப் பார்க்கிறார். முந்தைய பத்திகள் எல்லாம் ராயல்டியை வரி என்று நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை. 'ராயல்டி ஒரு வரி' என்று இருப்பது கவனப்பிசகாகவோ அச்சுப்பிழையாகவோ வந்தது, 'ராயல்டியின் மேல் போடும் செஸ் ஒரு வரி' என்று இருந்திருக்க வேண்டும் என்கிறார். இரண்டு சொல் விட்டுப்போய்விட்டது!

கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த இடம் வயிற்றைக் கலக்கும். ஒருமுறை ஒரு பேரேட்டில் 'செலுத்த வேண்டியது' என்பதை 'செலுத்தியது' என்று எழுதிவிட்டேன். மூன்று மாதம் கழித்து வட்டியோடு நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் ஆடிட்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அது வெறும் மூன்று மாதம். இங்கே பதினான்கு வருஷம் ஒரு வாக்கியத்தை நம்பி மாநிலங்கள் கஜானாவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஆனால் ஒரு சங்கடம். கேசோராம் அமர்வில் இருந்தது ஐந்து பேர். 1989இல் ஏழு பேர். ஏழு பேர் எழுதியதை ஐந்து பேர் அச்சுப்பிழை என்று சொல்லலாமா? அதிலும் நீதிபதி எஸ்.பி. சின்கா உடன்படவில்லை, நான்குக்கு ஒன்று. தாசில்தார் உத்தரவை அவருக்குக் கீழே இருக்கும் ஆர்.ஐ. திருத்தின மாதிரி இருக்கிறது என்று அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் தனக்குத் தோதான தீர்ப்பைப் பிடித்துக்கொண்டது. பீகாரில் தொடங்கிய சுரங்கப்பகுதி வளர்ச்சி ஆணைய வழக்கு 2011 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் முன் வந்தபோது, இது நம்மால் ஆகாது என்று ஒன்பது பேர் அமர்வுக்கு அனுப்பினார்கள். அது உட்கார்ந்தது 2024 பிப்ரவரியில். எட்டு நாள் வாதம்.

2024 ஜூலை 25. எட்டுக்கு ஒன்று. தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அப்பாவின் களத்துக்கே திரும்பி வந்தது: ராயல்டி வரி கிடையாது. கனிமத்தை எடுத்து அனுபவிப்பதற்காகக் குத்தகைக்காரர் நிலத்துக்கு உடையவருக்கு ஒப்பந்தப்படி கொடுக்கும் பிரதிபலன். கனிம உரிமை மேல் வரி போடும் அதிகாரம் மாநிலத்துக்குத்தான். நாடாளுமன்றம் அதற்கு வரம்பு விதிக்கலாம், ஆனால் 1957 சட்டத்தில் அப்படி எதையும் விதிக்கவில்லை. கனிமம் உள்ள நிலம் என்றாலும் நிலம் நிலம்தான், அதன் மேல் மாநிலம் வரி போடலாம். எவ்வளவு என்று கணக்கிட, எடுத்த கனிமத்தையோ கட்டிய ராயல்டியையோ அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 1989 தீர்ப்பு ரத்து. சித்தூர்க்காரரிடம் 1964இல் சொன்னதற்கே ஏறக்குறைய வந்து நின்றார்கள், சரியாக அறுபது வருஷம்.

மாறுபட்டவர் நீதிபதி நாகரத்னா மட்டும். ராயல்டி வரியின் தன்மை கொண்டதுதான் என்றார். மாநிலங்கள் ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்கு வரி போட்டால் நாடு முழுக்கக் கனிம விலை தாறுமாறாகும், மாநிலங்களுக்குள் ஆரோக்கியமில்லாத போட்டி வரும் என்று எச்சரித்தார். முதல் பாதியில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. இரண்டாவது பாதியைத் தள்ள முடியவில்லை.

பெரும்பான்மையிலும் என்னை உறுத்துகிற ஒரு இடம் உண்டு. ராயல்டி வாரம் என்றால் சரி. ஆனால் 'நிலத்தின் மேல்' என்று பெயர் வைத்துக்கொண்டு, எடுத்த டன்னுக்கு இவ்வளவு என்று போடுகிற வரியை அப்பாவிடம் காட்டினால் என்ன சொல்வார்? அளந்து வாங்குகிறாயே, இது இன்னொரு வாரம் அல்லவா என்பார். அளவுகோல் வேறு, வரியின் தன்மை வேறு என்று நீதிமன்றம் நீளமாக விளக்குகிறது. தேயிலைத் தோட்டத்து வழக்குகளில் இப்படி ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள் என்றும் எடுத்துக்காட்டுகிறது. படித்தேன், புரிந்தது. ஆனாலும் களத்தில் நிற்கிறவனுக்குப் புரியவைக்க முடியுமா என்று சந்தேகம்தான்.

இப்போது அந்த 1989 சலுகைக்கு வருவோம். கம்பெனிகளும் மத்திய அரசும் கேட்டது அதைத்தான்: இந்தத் தீர்ப்பை இன்றிலிருந்து மட்டும் செல்லும்படி வையுங்கள், பழையதைத் தோண்டாதீர்கள். 2024 ஆகஸ்ட் 14இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2005 ஏப்ரல் 1 வரை பின்னால் போகலாம். அதற்கு முந்தையதைக் கேட்கக் கூடாது. கட்டுவதற்கு 2026 ஏப்ரல் 1 முதல் 12 வருஷத் தவணை. ஜூலை 25க்கு முன் காலத்துக் கேட்புகளுக்கு வட்டியும் அபராதமும் கிடையாது.

வரியை எழுதிவைத்து வழக்கில் தொங்கவிட்டிருந்த மாநிலங்களுக்குத்தான் இது பழம். ஒடிசா 2004லேயே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தது. அங்கே தாது எடுத்து விற்றுக் கணக்கை முடித்த கம்பெனி, அன்றைக்கு வாங்கியவரிடம் போய் இருபது வருஷத்துப் பாக்கியைக் கேட்க முடியாது. 1989இல் பஞ்சாயத்துக்குக் காட்டிய இரக்கத்தை 2024இல் கம்பெனிக்கு ஏன் முழுதாகக் காட்டவில்லை என்றால், அதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. கணக்குப்பிள்ளை மனசுக்குத்தான் ஒப்பவில்லை. இதைச் சொன்னதற்கு என் மருமகன் என்னைக் கம்பெனிக்காரன் பக்கம் என்றான். 12 வருஷத் தவணை, வட்டியில்லாமல், எந்த பேங்க் கொடுக்கும் என்று கேட்டான். அதுவும் சரி.

தமிழ்நாடு புதிதாகவே ஆரம்பித்தது. 2024 டிசம்பரில் கனிமவள நில வரிச் சட்டமசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, 2025 ஏப்ரல் 4 முதல் அமலுக்கு வந்தது. 1991இல் செஸ் செத்த அதே ஏப்ரல் 4. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். 2014 முதல் சாதாரண சுண்ணாம்புக்கல்லுக்கு ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். அன்றைக்கு ராயல்டி ரூபாய்க்கு 45 பைசா என்றதற்குக் கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடியது. இன்றைக்கு அதே கணக்கில் ரூபாய்க்கு 2 ரூபாய். வால் தலையைவிட நீளம்.

உண்மையில் இதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. எங்கள் கிஸ்தி ரசீதிலேயே வால் எப்போதோ நீண்டுவிட்டது. 1994ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டத்தில் 45 பைசாத் தலவரி ரூபாய்க்கு ஒரு ரூபாய் ஆனது. அதற்குமேல் தலமேல்வரி, அது தீர்வையைப் போலப் பல மடங்கு. தீர்வை என்ற மூல எண்ணை ரசீதில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. தலவரியைக் கம்பெனியிடம் வாங்கியபோது அது பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ் வாங்கியது. சின்னாகவுண்டனூர் சுண்ணாம்புக்கல் பேரில் வரும் பணத்துக்குச் சின்னாகவுண்டனூர் வட்டாரம் பேர் சொல்லிக் கேட்க முடிந்தது. புதிய வரி மாநிலச் சட்டத்தின் வரி, வசூல் கனிமவளத் துறை. வழக்கில் மாநிலங்கள் ஜெயித்தன என்று எல்லாப் பேப்பரிலும் வந்தது. ஸ்தலம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த 2025 ஏப்ரலில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி எடுத்துக்கொண்டிருந்தோம். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட வேண்டிய நேரத்தில் ஜல்லி நின்றுவிட்டது. கல்குவாரி, கிரஷர்காரர்கள் மாநிலம் முழுக்க வேலைநிறுத்தம். நில வரி ஒருபக்கம், ஜல்லி, கருங்கல் மாதிரியானவற்றுக்கு ராயல்டி போல அரசு வாங்கும் சீனியரேஜை, கன மீட்டர் கணக்கிலிருந்து டன் கணக்குக்கு மாற்றியது இன்னொரு பக்கம். ஒரு கன மீட்டர் கருங்கல் இரண்டரை டன்னுக்கு மேல் நிற்கும், அவர்களுக்கு ஏன் கோபம் வந்தது என்று புரிந்துகொள்ளலாம். அமைச்சரோடு பேச்சு நடந்து, தொகையைக் குறைத்து, மாதக் கடைசியில் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. நாங்கள் ஜல்லி சொல்லியிருந்தவர் போனில், "டேக்ஸ் போட்டுட்டாங்கங்க, பழைய ரேட்டு இனி வராதுங்க" என்றார். குறைத்தார்களே என்றேன். "குறைச்சதுக்கு அப்புறந்தானுங்க இந்த ரேட்டு."

லாரி காலை ஆறரைக்கு வந்தது. இரண்டு யூனிட், அதாவது இருநூறு கன அடி. டிரைவரிடம் ஜல்லி கொண்டுபோக அனுமதிக்கும் நடைச்சீட்டைக் காட்டச் சொன்னேன். பழக்க தோஷம். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காட்டினார். சீட்டில் எடை டன்னில் இருந்தது, எங்களுக்கு இறங்கியது யூனிட்டில். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் உதைத்தது, விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவுக்குள் திரும்புகிற இடத்தில் ரோடு பெயர்ந்து ஒரு பள்ளம், இரண்டு வருஷமாக இருக்கிறது. போகும்போது வண்டியின் பின்சக்கரம் அதில் இறங்கி ஏறியது. தொட்டியில் ஒட்டியிருந்த ஜல்லி ஒரு கூடை அளவு அங்கே கொட்டியது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து, காலாலேயே அதைப் பள்ளத்துக்குள் தள்ளிப் பரப்பிவிட்டு உள்ளே போனான்.